உப்பு வண்டியும் குற்றப் பட்டியலும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிவைத்த நாடு இது. அந்த உப்பைக் கடற்கழியிலே வாரி, வண்டியிலே ஏற்றி, காடும் மேடும் கடந்து, கடலையே கண்டறியாத மக்களின் அடுப்படி வரை கொண்டு சேர்த்த மனிதர்களை இந்த நாடு எங்கே வைத்தது? பண்டத்தைச் சுவையாக்கினவர்களைப் பட்டியலில் அடைத்தது. அந்தப் பட்டியலின் பெயர் குற்றப் பரம்பரை!

மன்னர்களின் படையெடுப்புக்கு ஆண்டு குறித்து வைத்திருக்கிறோம். எந்தக் கோயிலுக்கு எந்த அரசன் எத்தனை வேலி நிலம் கொடுத்தான் என்பதைக் கல்வெட்டில் படித்துப் பெருமை கொள்கிறோம். மன்னனின் சோற்றிலே உப்பு இருந்ததே, அது எவர் தோளேறி வந்தது என்று கேட்டோமா? அக்கேள்விக்கு விடை தேடினால், ஈராயிரம் ஆண்டுக் கதையொன்று கிடைக்கிறது. பெருமைப்படவும் வெட்கப்படவும் இடமிருக்கும் கதை அது.

கரையில் ஒரு நாள்

சங்கப் பாடல்களைக் காதல் இலக்கியமாகப் படிக்கிறோம். தொழில் செய்து வாழ்ந்த மக்களின் வரலாற்று ஆவணமாகவும் அவற்றைப் படிக்கலாம். பல பாடல்களிலே சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒரு நாளின் பொழுதுகளாகக் கோத்துப் பார்ப்போம்.

விடிவதற்கு முன்னர், இருண்ட கடலிலே சிறு சிறு விளக்குகள் அசைகின்றன. அவை பரதவரின் திமில்கள். சுறா வலையைக் கிழிக்கிறது. கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டு மீண்டும் இறங்குகிறார்கள். பொழுது புலர்ந்ததும் மீன் கரையேறுகிறது. கொழுத்த சுறாவை அறுத்து மணலிலே உலர்த்துகிறார்கள் பெண்கள். பறவைகளை விரட்டிக் காவல் இருக்கிறார்கள். மணல்மேட்டுக்கு அப்பால் உப்பங்கழி. அங்கே ஏரும் இல்லை, விதையும் இல்லை. கடல்நீரும் கதிரவனும் மனித உழைப்பும் சேர்ந்து வெண்மையான அறுவடையைத் தருகின்றன.

அந்த அறுவடையை விலை கூறிக் கொள்ள வருகிறவர்கள் உமணர். அவர்களுடைய வண்டி வரிசைக்கு ஒழுகை என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை அதனைக் கண்ணெதிரே ஓட்டிக் காட்டுகிறது. கீற்று வேய்ந்த கூண்டு வண்டி. அதன் வாயிலிலே கோழிக் கூடு. வண்டியிலே தொங்கும் சிற்றுரல். கயிற்றிலே கட்டிய காடிக் கலம். இடுப்பிலே குழந்தையை ஏந்திய பெண் மாட்டை ஓட்டுகிறாள். ஆடவர் ஒழுகையின் இருபுறமும் காவலாக நடந்து வருகிறார்கள். உரலும் உலையும் கோழியும் குழந்தையுமாக ஒரு குடும்பமே, ஓர் ஊரே சக்கரத்தின் மேல் நகர்ந்து செல்கிறது. இந்நூல் காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. அது காட்டும் வழி தொண்டை நாட்டை நோக்கிய வழி. அதாவது, ஆவடியும் பூவிருந்தவல்லியும் முத்தாபுதுப்பேட்டையும் இன்றிருக்கும் நம் மண்ணை நோக்கிய வழி.

பள்ளத்திலே இறங்கினால் என்னாகும், மேட்டிலே ஏறினால் என்னாகும் என்று எண்ணி, வண்டியின் அடியிலே ஒரு சேம அச்சைக் கட்டி வைத்திருந்தனர் உமணர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் போற்ற வந்த ஔவையார், உமணரின் அந்தச் சேம அச்சை அவனுக்கு உவமையாக்கினார். அரசனுக்கு உவமை தேடிய புலவரின் கண், தெருப்புழுதியில் ஓடும் உப்பு வண்டியின் அடியிலே சென்று நின்றதே! தொழிலை இழிவென்று நினைத்த சமுதாயத்திலே அந்த உவமை பிறந்திருக்குமா?

உச்சிப் பொழுதிலே ஒழுகை நிற்கிறது. மாடுகளை அவிழ்த்து மேயவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பெரித்து உண்டுவிட்டு நகர்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அடுப்புக் கற்கள் வழியிலே கிடக்கின்றன. பின்னால் வரும் ஆறலை கள்வர் அவற்றிலே இறைச்சி வாட்டுவதை அகநானூறு காட்டுகிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே! அடுப்பு மூட்டியவன் வணிகன்; அதே அடுப்பில் குளிர் காய்ந்தவன் கள்வன். பழந்தமிழ்ப் புலவனுக்கு இருவரையும் பிரித்தறியத் தெரிந்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த அரசாங்கத்துக்குத் தெரியவில்லை!

மாலையிலே ஊர் வந்துவிடுகிறது. உமணர் மகள் தெருவிலே இறங்கி, நெல்லுக்கு நேராக உப்பு என்று கூவுகிறாள். புதுக்குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண்கள் மருள்கின்றன. இது அம்மூவனார் தீட்டிய காட்சி. ஒருபடி நெல்லுக்கு ஒருபடி உப்பு! உழவனின் விளைச்சலும் கழிநிலத்தான் விளைச்சலும் ஒரே அளவுப்படியிலே நின்றன.

புலால் நாற்றமும் பெருமையும்

பண்டங்கள் சமமாக நின்ற நாட்டில் மனிதர்கள் சமமாக நின்றனரா? நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. பாடியவர் பெயர் தெரியாத பாட்டு. தேரேறி வந்த செல்வன் ஒருவன், பரதவர் பெண்ணை விரும்புகிறான். தோழி அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். நீயோ கடைத்தெரு நிறைந்த பழைய ஊரின் செல்வன் மகன், இவளோ மீன் பிடிப்பவர் மகள், நாங்கள் சுறா உணக்குகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், எட்டி நில்! எங்கள் வாழ்க்கை எங்களுக்கு நன்று. எங்களிலும் பெருமக்கள் உண்டு. இதுவே அவள் சொன்னதன் கருத்து. தன் உழைப்பின் மணத்தைத் தன் மதிப்பின் முத்திரையாக்கிய அந்தப் பெண்ணின் துணிவை எண்ணிப் பாருங்கள்!

ஆயினும், பழமை அனைத்தும் பொன்னுலகம் என்று மயங்குவது பகுத்தறிவு அன்று. செல்வன் மகனுக்கும் மீனவன் மகளுக்கும் இடைவெளி இருந்ததனாலேதான் அந்தத் தோழி பேச நேர்ந்தது. கால் முடமான எருதை ஆளில்லாத காட்டிலே உமணர் கைவிட்டுச் சென்றதைப் புறநானூறே சொல்கிறது. கொற்கையின் முத்தைப் பாடாத புலவர் இல்லை; ஆனால் அம்முத்துக்குளித்தலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு கூறுகிறது. எனவே, அன்றும் மேடு பள்ளம் இருந்தது. ஆனால் ஒன்று: உப்பு விற்பதும் மீன் பிடிப்பதும் பிறவி இழிவு என்ற கோட்பாடு அந்தப் பாடல்களிலே இல்லை.

மனுவின் அளவுகோல்

அக்கோட்பாடு எங்கே இருக்கிறது? மனுநூலின் பத்தாம் இயலைப் புரட்டுங்கள். இறைச்சியும் அரக்கும் உப்பும் விற்கும் பார்ப்பனன் அந்தக் கணமே பதிதனாவான் என்று அது விதிக்கிறது. மீன் கொல்லும் தொழில் நிடாதருக்கு என்று ஒதுக்கி, அவர்களைக் கலப்பிலே பிறந்த கீழோர் வரிசையிலே நிறுத்துகிறது. போதாயன தரும சூத்திரமோ கடற்பயணத்தையே சாதியிலிருந்து வீழ்த்தும் பாவங்களில் ஒன்றாக எண்ணுகிறது. உப்பு விற்றால் வீழ்ச்சி. மீன் பிடித்தால் இழிபிறப்பு. கடல் கடந்தால் பாவம்! நெய்தல் நிலத்து வாழ்வு முழுவதையுமே நூலெழுதிக் குற்றமாக்கியது வைதிகம். உப்புப் போட்ட உணவை உண்டவாறே அந்த விதிகளை எழுதினார்கள் என்பதுதான் வேடிக்கை.

பின்னர் வந்த அரசர்கள் அளங்களுக்கு வரி விதித்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளிலே உப்பாயம் என்ற வரியின் பெயர் காணப்படுகிறது. அரசுகள் மாறின; அளம் மாறவில்லை, வண்டி நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பைக் கொண்டு சென்றவர்கள் இத்தகைய நாடோடி வணிகரே. தமிழ்நாட்டிலே கொறவர் என்றும், ஆந்திரத்திலே எருகுலர் என்றும் அழைக்கப்பட்டோர் மாடுகளிலும் கழுதைகளிலும் உப்புப் பொதி ஏற்றி ஊர் ஊராகச் சென்று, தானியத்துக்கு மாற்றினர். கூடையும் பாயும் முடைந்து விற்றனர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு உப்புக் கொறவர் என்றே பெயர். உமணரின் குருதி இவர்கள் உடலில் ஓடுகிறதா என்று ஆராய்வது நம் வேலையன்று. குருதியை ஆராய்வது சாதியின் வேலை. உமணர் செய்த தொழிலை இவர்கள் செய்தார்கள் என்பதே நமக்குப் போதும்.

கும்பினியின் பூட்டு

1805-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து உப்பைக் கிழக்கிந்தியக் கும்பினி தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. அளத்தில் விளைந்த உப்பைக் கும்பினியிடமே ஒப்படைக்க வேண்டும். கும்பினி வைத்த விலைக்கே வாங்க வேண்டும். கடலுக்குப் பூட்டுப் போட முடியாதவர்கள், அதன் உப்புக்குப் பூட்டுப் போட்டார்கள்! 1889-இல் வந்த சென்னை உப்புச் சட்டத்தின்படி, கழியோரத்தில் தானாகப் படிந்த உப்பை ஏழை ஒருவன் கையால் வாரினாலும் குற்றம். 1888-இல் மணங்கு ஒன்றுக்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோவுக்கு, வரி மட்டும் இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மீனவர் மீதும் அந்த அடி விழுந்தது. பிடித்த மீனைக் கெடாமல் காப்பது உப்பு. உப்பின் விலை ஏறினால் கருவாடு ஏது? போதிய உப்பின்றி மீன் அழுகலாயிற்று. பிறகு அரசாங்கமே மீன் பதனிடும் களங்களைத் திறந்து, அங்கே மட்டும் வரியில்லா உப்பைக் காவலோடு அளந்து கொடுத்தது. 1907-இல் சென்னை மாகாண மீன்துறைப் பணியைத் தொடங்கி வைத்த பிரெடரிக் நிக்கல்சன் பெரிதும் கவனம் செலுத்தியவற்றுள் இந்தக் கருவாட்டுத் தொழிலும் ஒன்று. கரையிலே கிடந்த உப்பைக் கரையிலே வாழ்ந்தவனுக்கு அரசு அளந்து கொடுக்கும் நிலை!

உப்பைச் சுமந்தவனுக்கோ களமும் இல்லை, சலுகையும் இல்லை. 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னாட்டின் முதற் புகைவண்டி ஓடியது. முத்தாபுதுப்பேட்டைக்கு அண்மையிலே, ஆவடி வழியாகச் செல்லும் அதே இருப்புப் பாதைதான் அது. கடற்கரையிலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் பொதிமாடு பல நாள் நடந்த வழியைப் புகைவண்டி ஒரே பகலில் கடந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மனிதர் மடிந்தனர், மாடுகளும் மடிந்தன. 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம், மேய்ச்சலுக்கும் கூடை முடைய மூங்கில் வெட்டுவதற்கும் வேலி போட்டது. உப்பு போயிற்று, வழி போயிற்று, மாடு போயிற்று, மூங்கிலும் போயிற்று.

புகைவண்டி வந்தது தவறு என்று எவரும் சொல்லார். அறிவியலை வெறுப்பவன் பகுத்தறிவாளன் ஆகமாட்டான். ஆனால் ஒரு கருவி வந்து ஒரு தொழிலை விழுங்கும்போது, அத்தொழிலால் வாழ்ந்தவனுக்கு மறுவாழ்வு தேடுவது ஆட்சியின் கடமை அல்லவா? அந்தக் கடமையைச் செய்ய மறுத்த ஆட்சி, அதற்குப் பதிலாக என்ன செய்தது?

பிறப்பே குற்றம்

1871-இல் வட இந்தியாவுக்கென ஒரு சட்டம் வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது அதன் பெயர். அதற்கு ஆட்சியாளர் காட்டிய காரணம் நம் நெஞ்சிலே பதிய வேண்டியது. இந்த நாட்டிலே தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளி மகன் நெசவாளியாகிறான். அதுபோலவே குற்றத்தைக் குலத்தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருக்கத்தான் வேண்டும் என்று அவர்கள் வாதாடினார்கள். வாதத்தின் வேர் எங்கே இருக்கிறது, பாருங்கள்! வெள்ளைக்காரன் துப்பாக்கியைக் கொண்டுவந்தான். குறி பார்க்கும் கண்ணை வருணாசிரமம் கடன் கொடுத்தது. மனு பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒதுக்கினான். வெள்ளையன் பிறப்பைப் பார்த்துக் குற்றத்தையே ஒதுக்கினான்.

1911-இல் அச்சட்டம் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் ஏறிய சாதியின் ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் காவல் நிலையத்திலே தலைகாட்ட வேண்டும். ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஊர் விட்டு ஊர் போவதையே பிழைப்பாகக் கொண்ட வணிகனுக்கு இதைவிடக் கொடிய தளை உண்டா? வழியிலே நடந்ததுதான் அவன் தொழில்; வழியிலே நடந்ததுதான் இப்போது அவன் குற்றம்! குடும்பங்களைக் குடியமர்வுகளில் அடைத்தனர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் சட்டம் இடம் தந்தது. குண்டூர்ப் பக்கத்து ஸ்டூவர்ட்டுபுரத்திலே எருகுலருக்கென இரட்சணிய சேனையார் ஒரு குடியமர்வை நடத்தினர். மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரிலே இதே சட்டத்தை எதிர்த்த பிறமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் மாண்டனர்.

1930-இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு அள்ள ஒரு படை நடந்தது. இராசகோபாலாச்சாரியார் தலைமை தாங்கினார்; தொண்டர்கள் அடிபட்டனர், சிறை புகுந்தனர். அவர்களின் துணிவை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் உப்பின் உரிமை பேசப்பட்ட அந்த நாளிலே, உப்பைச் சுமந்து வாழ்ந்த மக்கள் காவல் நிலைய வாயிலிலே கைரேகையோடு நின்றுகொண்டிருந்தார்கள். வேதாரணியத்துக்கு நடந்தவர்கள் வரலாற்றில் ஏறினார்கள். தலைமுறை தலைமுறையாக உப்போடு நடந்தவர்கள் பதிவேட்டில் ஏறினார்கள்!

1947-இல் உப்பு வரி ஒழிந்தது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டமும் நீக்கப்பட்டது. 1952 ஆகஸ்டு 31-இல் நாடு முழுவதும் ஒழிந்தது. ஒழிந்ததா? 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: உப்புக் கொறவர் என்ற பெயர் இன்றும் அதிலே நிற்கிறது. கல்வியிலும் வேலையிலும் ஒதுக்கீடு பெற அப்பட்டியல் தேவை. அதை எதிர்ப்பவன் நீதியை எதிர்ப்பவன். ஆனால் அந்தப் பெயரைப் படிக்கும்போது, அதிலே இருக்கும் உப்பின் வரலாற்றையும் படிக்க வேண்டாமா?

சட்டம் செத்தது, சந்தேகம் சாகவில்லை. 1993-இல் கம்மாபுரம் பகுதியிலே திருட்டுக் குற்றம் சாட்டிப் பிடித்துச் செல்லப்பட்ட குறவர் ஒருவர் காவலிலே இறந்தார். அவர் மனைவி நீதிமன்றம் சென்று போராடினார். பல ஆண்டுகளுக்குப் பின் காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். 2021-இல் வந்த 'ஜெய் பீம்' திரைப்படம் அவ்வழக்கிலிருந்து பிறந்ததே. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தள்ளியது 2024 அக்டோபரிலே. சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகளுக்குப் பின்!

கரையின் நிலையோ? 2017 சனவரியிலே எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரிலே புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திலே பரவி, படகையும் வலையையும் கருமையாக்கியது. புலால் நாறும், எட்டி நில் என்று பெருமையோடு சொன்னாளே நற்றிணைத் தோழி. எண்ணெய் நாறும் வலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இன்று யாரை எட்டி நிற்கச் சொல்வாள்?

இளைஞர்களே! நம் ஊர்த் தெருவிலே கூடை விற்கவும் ஊசிமணி விற்கவும் வெளியூர்க் குடும்பம் ஒன்று வருகிறது. ஊரில் ஒரு பொருள் காணாமற் போகிறது. முதல் விரல் யாரை நோக்கி நீளுகிறது? அந்த விரலை 1911-ஆம் ஆண்டுச் சட்டம் இயக்குகிறது. அதற்கும் பின்னால் மனு இயக்குகிறான். சான்று கேட்பதுதான் பகுத்தறிவு. கடவுளுக்குச் சான்று கேட்கத் துணிந்த நாம், அண்டை வீட்டான் சுமத்தும் பழிக்குச் சான்று கேட்கத் தயங்கலாமா? காவலர் ஒருவரை அழைத்துச் சென்றால், எந்த வழக்கு, எந்தச் சட்டப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்று கேளுங்கள்; அப்பிள்ளைகள் பள்ளியில் சேரச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லையெனில், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு நடந்து செல்லுங்கள். சிலை திறப்பதைவிட அது சிறிய வேலைதான்; ஆனால் பட்டியலிலிருந்து ஒரு குடும்பத்தை மனிதர் வரிசைக்குக் கொண்டுவரும் வேலை.

பள்ளத்தில் அச்சு முறியும் என்று எதிர்பார்த்துச் சேம அச்சைக் கட்டி வைத்தவர்கள் உமணர். அவர்களைப் போலவே உப்புச் சுமந்த மக்களின் வாழ்வு முறிந்தபோது, நாடு அவர்களுக்கென ஒரு சேம அச்சையும் வைத்திருக்கவில்லை. இனியேனும் வைப்போம். அவர்கள் சுமந்த உப்பைத் தின்று வளர்ந்த நாடு, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதைப் பிள்ளைகளுக்குப் பழமொழியாகச் சொல்லிக் கொடுத்தது. கடமையாகச் செய்து காட்ட வேண்டிய தலைமுறை நாம்!